மேடையில் யாருக்கு என்ன தெரியும்? காதல் நகைச்சுவை நாடகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய காதல் நகைச்சுவை நாடகங்களைப் புத்தகமாகப் படிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: நாவல் நிறையப் படிப்பேன். ஷேக்ஸ்பியரின் காதல் நாடகம் ஒன்றை மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் முதல் அங்கத்திலேயே மூடி வைத்துவிட்டேன். யார் யாருடைய மகள், யார் யாருக்கு நண்பன் என்பதே மனதில் நிற்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஷேக்ஸ்பியர் எங்கும் போய்விட மாட்டார், அலமாரியிலேயே இருக்கட்டும். ஆஸ்கார் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் ஏர்னஸ்ட்' நாடகத்தை எடுங்கள். 1895 பிப்ரவரி 14 அன்று லண்டனில் அரங்கேறியது. மூன்றே அங்கங்கள், ஒன்பது பாத்திரங்கள், முழுக்க உரைநடை. கிராமத்து வீட்டில் ஒழுக்கசீலராக வாழும் ஜாக், அவ்வப்போது லண்டனுக்கு ஓடிவர ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காக, 'ஏர்னஸ்ட்' என்று ஒரு போக்கிரித் தம்பி இருப்பதாகக் கதை கட்டியிருக்கிறார். லண்டனில் அவரே ஏர்னஸ்ட். அவருடைய நண்பர் ஆல்ஜர்னன் அந்த இல்லாத தம்பியாக வேஷம் போட்டுக்கொண்டு கிராமத்து வீட்டில் போய் நிற்கிறார். க்வெண்டலன், செசிலி என்ற இரண்டு பெண்களும், கட்டினால் ஏர்னஸ்ட் என்ற பெயருள்ளவரைத்தான் கட்டுவேன் என்கிறார்கள்.

படிக்கும் முறை இது. புத்தகத்தின் முன்னுரையைத் தொடாதீர்கள். முன்னுரை எழுதும் பேராசிரியர் முதல் பக்கத்திலேயே முடிச்சை அவிழ்த்துவிடுவார். பாத்திரப் பட்டியலை ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உறவை ஒரே சொல்லில் குறித்து, அதையே புத்தகக்குறியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்கத்தை ஒரே மூச்சில் படியுங்கள். இந்த நாடகத்தில் அதற்கு முக்கால் மணி நேரம் போதும். தினம் நாலு பக்கம் என்று பிய்த்துப் படிப்பவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள். முதல் அங்கத்தில் சொன்ன பொய் மூன்றாவது அங்கத்தில் வெடிக்கும்போது, அந்தப் பொய் நமக்கே மறந்துபோயிருக்கும்.

ஒவ்வோர் அங்கமும் முடிந்ததும், துண்டுத் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு விஷயங்கள் எழுதுங்கள்: இவருக்கு இப்போது என்ன தெரியும், என்ன தெரியாது. காதல் நகைச்சுவையில் சிரிப்பு பிறப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அடுத்த பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இதையே சுற்றி வரும்.

வைல்டுக்குப் பிறகு கோல்ட்ஸ்மித்தின் 'ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்' (1773), அதன் பிறகு ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்' என்று போனால், மூன்று முறை மூடிய புத்தகம் நான்காவது முறை திறந்துகொள்ளும்.

கேள்வி: அரங்கில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்லப்படும் காட்சி, புத்தகத்தில் சப்பென்று இருக்கிறது. எனக்கு நகைச்சுவை உணர்வு குறைவோ?

பதில்: உணர்வில் குறை இல்லை, படிக்கும் வேகத்தில்தான் சிக்கல். நாவல் படித்துப் பழகிய கண் வசனத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு, சாய்வெழுத்தில் இருக்கும் மேடைக்குறிப்பைத் தாண்டிவிடும். வைல்டின் இரண்டாம் அங்கத்தைப் பாருங்கள். ஆல்ஜர்னன் 'தம்பி ஏர்னஸ்ட்' என்று சொல்லிக்கொண்டு வந்து, செசிலியோடு வீட்டுக்குள் போய்விட்டார். சற்று நேரத்தில் தோட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஜாக் மெதுவாக நடந்து வருகிறார். தலைமுதல் கால்வரை துக்க உடை, தொப்பியில் கறுப்புப் பட்டி, கைகளில் கறுப்புக் கையுறை. இல்லாத தம்பியைப் பாரிஸில் சாகடித்துவிட்டு வருகிறார்! செத்த தம்பி உள்ளே உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நாடகத்தின் மிகப் பெரிய சிரிப்பு இந்த இடத்தில்தான் எழும், அதில் ஒரு சொல் வசனம்கூட இல்லை. மேடைக்குறிப்பைத் தாண்டியவருக்கு அது போச்சு.

இன்னொன்று, பேசாமல் நிற்பவர்கள். மேடையில் அவர்கள் நம் கண்முன் இருப்பார்கள், புத்தகத்தில் பெயர் வராவிட்டால் மறைந்துபோவார்கள். அதே அங்கத்தில் க்வெண்டலனும் செசிலியும் தேநீர் அருந்துகிறார்கள். இருவரும் தாம் ஒரே ஏர்னஸ்டுக்கு நிச்சயிக்கப்பட்டவர்கள் என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் பேச்சில் தேன் வழிகிறது. காரணம், வேலைக்காரர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். வைல்ட் இதைக் குறிப்பாகவே எழுதியிருக்கிறார். சர்க்கரை வேண்டாம் என்று க்வெண்டலன் சொன்னதும் செசிலி நான்கு கட்டிகளை அள்ளிப் போடுகிறாள். வேலைக்காரர்களை மனதில் நிறுத்திக்கொண்டு படித்தால் அந்த நான்கு கட்டியும் நான்கு குத்து என்று புரியும்.

அதனால் ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் மேடையில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணுங்கள். யாராவது உள்ளே வந்தால் ஒரு விரல் கூட்டுங்கள், போனால் மடக்குங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். இரண்டு நாடகம் படித்த பிறகு விரல் தேவைப்படாது.

கேள்வி: எல்லாமே கல்யாணத்தில்தான் முடிகின்றன. முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம்?

பதில்: முடிவு தெரிந்திருப்பதே வசதி. யார் யாரை மணப்பார் என்ற கவலை இல்லாததால், எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதை நிதானமாக ரசிக்கலாம். தடை எது என்று பாருங்கள். அதில்தான் ஒவ்வொருவரும் வேறுபடுகிறார்கள்.

பழைய தடை அப்பா. கி.மு. 316-இல் ஏதென்ஸில் பரிசு பெற்ற மெனாண்டரின் 'டிஸ்கோலோஸ்' நாடகத்திலேயே, மனிதர்களைக் கண்டாலே எரிந்துவிழும் கிழவரின் மகள்மேல் ஒருவன் ஆசைப்பட்டு அல்லாடுகிறான். அங்கிருந்து ரோமானிய நாடகங்கள் வழியாகப் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் வரைக்கும் பிடிவாதக்காரத் தந்தையும் புத்திசாலி வேலைக்காரரும் தொடர்ந்து வருகிறார்கள். ஆனால் மோலியேரின் 'தார்த்யூஃப்' இரண்டாம் அங்கம், நான்காம் காட்சியில் அப்பா மேடையிலேயே இல்லை. உன் அப்பா வேறொருவனை மணக்கச் சொல்கிறாராமே, என்ன செய்யப்போகிறாய் என்று காதலன் மகளிடம் கேட்கிறான். "தெரியவில்லை" என்கிறாள். "அப்படியானால் கட்டிக்கொள்" என்கிறான். "சரி, உங்கள் யோசனைப்படியே" என்கிறாள். அவன் கோபித்துக்கொண்டு கிளம்புகிறான், திரும்புகிறான், மறுபடி கிளம்புகிறான், கூப்பிட்டாளோ என்று மறுபடி திரும்புகிறான். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்த வேலைக்காரி தோரின், கடைசியில் இருவர் கையையும் பிடித்து இழுத்துச் சேர்க்கிறாள். உள்ளே வைத்த அன்பையே இருவரும் வாயால் மறைக்கிறார்கள். தடை அப்பாவிடமிருந்து காதலர்களின் வாய்க்கே இடம் மாறிவிட்டது.

ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' (1775) இதைத் தலைகீழாக்குகிறது. கதைப் புத்தகங்களில் மூழ்கிய லிடியாவுக்கு, ஏழை ஒருவனோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்யவேண்டும் என்று ஆசை. பணக்கார கேப்டன் அவளுக்காக ஏழையாக நடிக்கிறான். குடும்பத்தார் அதே பையனைத்தான் பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், தடையே இல்லாமல் போனதே என்று அவள் மனம் உடைகிறாள்.

எங்கள் தேர்வு பிரெஞ்சு நாடகாசிரியர் மாரிவோ. அவருடைய 'காதலும் தற்செயலும் ஆடும் ஆட்டம்' (பாரிஸ், 1730) மூன்று அங்கங்களில் முடிந்துவிடும். தனக்குப் பார்த்த மாப்பிள்ளையை மறைந்திருந்து எடை போட, சில்வியா தன் பணிப்பெண்ணோடு உடையையும் இடத்தையும் மாற்றிக்கொள்கிறாள். மாப்பிள்ளை தொராந்துக்கும் அதே யோசனை வந்து, தன் வேலைக்காரனை எஜமானனாக்கிக்கொண்டு வருகிறான். உங்கள் துண்டுத் தாளை எடுங்கள். சில்வியாவின் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இரண்டு வேஷமும் தெரியும். சில்வியாவுக்குத் தன் வேஷம் மட்டும் தெரியும், தொராந்துக்குத் தன் வேஷம் மட்டும். ஒரு வேலைக்காரன்மேல் மனம் போகிறதே என்று அவளுக்கு அவமானம், ஒரு பணிப்பெண்மேல் போகிறதே என்று அவனுக்கு. இரண்டாம் அங்கத்தின் இறுதிப் பகுதியில் அவன் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறான். அவளோ தன் உண்மையைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறாள்! பணிப்பெண் என்று நினைத்துக்கொண்டே தன்னை மணக்கக் கேட்கிறானா பார்ப்போம் என்பது அவள் கணக்கு. மூன்றாம் அங்கம் முழுக்க அந்த ஒரு கட்டத்தில் நிற்கிறது. இது நியாயமான சோதனையா, வெறும் கர்வமா என்று வாசகர்கள் இன்னும் சண்டை போடலாம். கர்வம் பாதியாவது உண்டு என்பது எங்கள் கட்சி.

கேள்வி: பிரெஞ்சு நாடகத்தில் ஒரே அங்கத்தில் பத்துப் பன்னிரண்டு காட்சி, சில காட்சி நாலே வரி. அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. அந்த மரபில் ஒருவர் மேடைக்கு வந்தாலோ போனாலோ காட்சி எண் மாறும். இடமும் நேரமும் அப்படியே தொடரும். ஷேக்ஸ்பியரில் மேடை முழுக்கக் காலியானால்தான் அடுத்த காட்சி. பிரெஞ்சு முறை வாசகருக்கு லாபம்: காட்சித் தலைப்பிலேயே மேடையில் இருப்பவர்கள் பெயர் இருக்கும், விரல் எண்ண வேண்டாம்.

கேள்வி: ஒரு பெண் ஆண் உடை போட்டதும் காதலனுக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. இதை நம்பிப் படிக்க முடியவில்லை.

பதில்: நம்ப வேண்டாம், ஒப்புக்கொண்டால் போதும். சதுரங்கத்தில் குதிரை ஏன் வளைந்து போகிறது என்று யாரும் கேட்பதில்லை. 1660 வரை ஆங்கிலத் தொழில்முறை மேடையில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ரோசலிண்ட் ஆண்வேடம் போட்டு, காதலன் ஆர்லாண்டோவிடம், "என்னையே ரோசலிண்ட் என்று வைத்துக்கொண்டு காதல் பேசிப் பழகு" என்கிறாள். அன்றைய மேடையில் ஒரு பையன், பெண்ணாகி, ஆணாக நடித்து, அந்த ஆண் மறுபடி பெண்ணாக நடிப்பது! பார்வையாளர்கள் ஏமாந்து சிரிக்கவில்லை, அடுக்குகளை எண்ணிச் சிரித்தார்கள்.

வேஷத்தால் என்ன பேச முடிகிறது என்பதைக் கவனியுங்கள். 'ட்வெல்ஃப்த் நைட்' இரண்டாம் அங்கம், நான்காம் காட்சியில், ஆண் உடையில் பணிபுரியும் வயோலா, தான் காதலிக்கும் கோமகன் ஆர்சினோவிடமே, "என் அப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள். அவள் ஒருவனைக் காதலித்தாள், சொல்லவே இல்லை" என்கிறாள். சொந்த உடையில் இருந்தால் இந்த வரிகள் அவள் வாயில் வந்திருக்காது.

காரணம் இல்லாமல் மனம் ஒப்பாதென்றால் கோல்ட்ஸ்மித் காரணம் தருகிறார். அவருடைய நாயகன் மார்லோ, கௌரவமான பெண்கள் முன்னால் நாக்குழறுவான், விடுதிப் பணிப்பெண் என்றால் வாய் நீளும். முதல் சந்திப்பில் கேட் என்ற நாயகியின் முகத்தை அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அதனால்தான் பிறகு அவள் எளிய உடையில் வரும்போது அடையாளம் தெரியாமல் வழிகிறான்.

கேள்வி: ஷேக்ஸ்பியரை மூலத்தில் படிக்கவேண்டுமா, மொழிபெயர்ப்பு போதுமா? ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

பதில்: முதலில் மொழிபெயர்ப்பிலோ எளிய உரைநடையிலோ ஒரு முறை ஓட்டமாகப் படித்துவிடுங்கள். பிறகு மூலத்தில் இரண்டு மூன்று காட்சிகளை மட்டும் படியுங்கள். அடிக்குறிப்பைக் காட்சி முடிந்த பிறகு, மொத்தமாகப் பாருங்கள். நடுவில் கண்ணைக் கீழே இறக்கினால் பேச்சின் தாளம் அறுந்துவிடும். புரியாத வசனத்தில் பாதி, அடுத்தவர் சொல்லும் பதிலிலேயே விளங்கிவிடும்.

மூலத்துக்குப் போக 'மச் அடோ' ஏற்றது. அதில் பெரும்பகுதி உரைநடை. இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சியை எடுங்கள். கல்யாணமே வேண்டாம் என்று வீறாப்பு பேசும் பெனடிக் ஒளிந்திருக்கிறான். அவன் ஒளிந்திருப்பது தெரிந்தே நண்பர்கள், பியாட்ரிஸ் அவன்மேல் உயிரை விடுகிறாள் என்று உரக்கப் பேசுகிறார்கள். ஏமாற்று வேலையோ என்று அவனுக்குச் சந்தேகம் எட்டிப் பார்க்கிறது. ஆனால் நரைத்த தாடிக்காரர் அல்லவா சொல்கிறார்! சற்று நேரத்தில், எதுவுமே தெரியாத பியாட்ரிஸ் வந்து, வேண்டா வெறுப்பாகச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அந்த வெறுப்பில் இரட்டை அர்த்தம் இருப்பதாக அவன் கண்டுபிடிக்கிறான். ஏமாற்றுபவர்களுக்கு எல்லாம் தெரியும், அவனுக்குப் பாதி தெரியும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. மொழி கடினம் என்று சொல்பவர்கள் இந்தக் காட்சியில் தடுக்கி விழுந்து நாங்கள் பார்த்ததில்லை.

மொழிபெயர்ப்பில் தொலைவது சொல் விளையாட்டு. ஏர்னஸ்ட் என்ற பெயரின் ஒலியே ஆங்கிலத்தில் 'மனப்பூர்வமான' என்ற பொருளும் தரும். பெயர் ஏர்னஸ்ட், நடப்பதெல்லாம் பித்தலாட்டம் என்பது தலைப்பிலேயே உள்ள கிண்டல். 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் திருமதி மாலப்ராப், முதலையைக் குறிக்கும் 'அலிகேட்டர்' என்ற சொல்லுக்குப் பதில், உருவகக் கதையைக் குறிக்கும் 'அலிகரி'யை நைல் நதிக்கரையில் படுக்க வைப்பார். இதை எந்த மொழிபெயர்ப்பாளரும் அப்படியே கொண்டுவர முடியாது. சூழ்நிலையில் பிறக்கும் சிரிப்பு எந்த மொழிக்கும் அப்படியே வந்துவிடும்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து வாய்விட்டுப் படிக்க நினைக்கிறோம். ஆறு பேர்தான் இருக்கிறோம்.

பதில்: வைல்டுக்கு ஆறு பேர் கச்சிதம். ஜாக், ஆல்ஜர்னன், செசிலி, லேடி பிராக்னெல் ஆகிய நால்வருக்கும் தனித்தனி ஆள். க்வெண்டலனையும் ஆசிரியை மிஸ் பிரிசத்தையும் ஒருவர் படிக்கலாம். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. வேலைக்காரர்கள் லேன், மெரிமன், பாதிரியார் சாசுபிள் மூன்றும் ஆறாமவருக்கு. மேடைக்குறிப்புகளையும் அவரே படிக்கட்டும், அதை விட்டுவிட்டால் ஜாக்கின் துக்க உடை யாருக்கும் தெரியாமல் போகும்.

முன்கூட்டியே எல்லோரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். பக்க எண் மாறினால் பாதி நேரம் தேடுவதிலேயே கழியும். வழக்கமாக நேரும் தவறு, படிப்பவர் தன் வசனத்துக்குத் தானே சிரிப்பது. வைல்டின் பாத்திரங்களுக்குத் தாங்கள் வேடிக்கையாகப் பேசுகிறோம் என்றே தெரியாது. வெள்ளரிக்காய் சாண்ட்விச் தீர்ந்துபோனது அவர்களுக்கு உண்மையிலேயே பெருந்துயரம். முகத்தை இறுக்கமாக வைத்துப் படித்தால் கேட்பவர் சிரிப்பார். அங்கத்துக்கு அங்கம் பத்து நிமிடம் இடைவெளி விட்டால் மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கலாம்.

கேள்வி: படித்து ரசிக்கவென்றே எழுதப்பட்ட நாடகம் உண்டா?

பதில்: பெர்னார்ட் ஷா. 'ஆர்ம்ஸ் அண்ட் த மேன்' (1894) நாடகத்தின் குடும்பம் தங்கள் வீட்டில் நூலகம் இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்றாம் அங்கத்தின் மேடைக்குறிப்பு அந்த நூலகத்தைக் காட்டுகிறது: பழைய காகித அட்டை நாவல்கள் வைத்த ஒரே ஓர் அலமாரித் தட்டு. அரங்கின் கடைசி வரிசைக்கு இது தெரியுமோ தெரியாதோ, வாசகருக்கு நிச்சயம் தெரியும். இதில் ஒரு பழைய மேல்சட்டையையும் அதன் பையில் இருக்கும் ஒரு புகைப்படத்தையும் மட்டும் கண்ணால் தொடருங்கள். கதை தானாக வரும்.

கேள்வி: சிரித்துக்கொண்டே படித்து வந்து, சில இடங்களில் மனம் கசந்துவிட்டது. 'மச் அடோ'வில் மணமேடையில் ஹீரோ என்ற பெண்ணை அவமானப்படுத்துவது நகைச்சுவையா?

பதில்: நகைச்சுவை இல்லைதான். நான்காம் அங்கத்தின் அந்தக் காட்சியில், பொய்ப் பழியை நம்பி மணமகன் கிளாடியோ அவளைச் சபை நடுவில் உதறுகிறான். அது கசக்க வேண்டும் என்றே எழுதப்பட்டது. அது முடிந்த கையோடு பெனடிக்கும் பியாட்ரிஸும் முதன்முறையாக அன்பை ஒப்புக்கொள்கிறார்கள். உனக்காக என்ன செய்யவேண்டும் என்று அவன் கேட்க, அவள் சொல்லும் பதில்: "கிளாடியோவைக் கொன்றுவிடு." கிளாடியோ மன்னிக்கப்பட்டுக் கல்யாணம் நடப்பதை ஏற்க முடியவில்லை என்றால் ஏற்க வேண்டியதில்லை. 'ட்வெல்ஃப்த் நைட்'டில் மஞ்சள் காலுறை போட வைத்து வீட்டுக் காரியஸ்தன் மால்வோலியோவைக் கேலி செய்யும்வரை சிரிப்பு, இருட்டறையில் அடைத்துப் பைத்தியம் என்று சாதிக்கும்போது சிரிப்பு நின்றுவிடும். பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டு அவன் வெளியேறுகிறான், கடைசி மகிழ்ச்சியில் அவனுக்கு இடமில்லை. 'தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ'வைத் தொடக்க வாசகர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று 40 வரிகளுக்கு மேல் நீளும் அதன் கடைசி உரை, நல்ல நடிகை கையில் கிண்டலாகலாம். தாளில் அது அப்படியேதான் கிடக்கும்.

கேள்வி: சமஸ்கிருத நாடகங்களில் இந்த வகை உண்டா?

பதில்: காளிதாசரின் 'மாளவிகாக்னிமித்திரம்', ஐந்து அங்கங்கள். அரசன் அக்னிமித்திரன் ஓர் ஓவியத்தில் மாளவிகாவைப் பார்த்து மயங்குகிறான். அரசி தாரிணி அவளை அவன் கண்ணில் படாமல் வைத்திருக்கிறாள். விதூஷகன் கௌதமன் இரண்டு நடன ஆசிரியர்களுக்குள் போட்டியை மூட்டி, மாணவியை ஆட வைத்துப் பார்க்க வழி செய்கிறான். தந்தைக்குப் பதில் மூத்த மனைவி தடையாக இருப்பதும், பலதார மணத்தை நாடகம் இயல்பாக எடுத்துக்கொள்வதும் இன்றைய வாசகருக்கு நெருடும். தாரிணியின் பக்கத்திலிருந்தும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

நான்காம் அங்கத்தில் மட்டும் நம் துண்டுத் தாள் தோற்றுப்போகும். மாளவிகா நிலவறையில் அடைபட்டிருக்கிறாள். அரசியின் நாக முத்திரை மோதிரத்தைக் கண்டால்தான் காவல்காரி விடுவாள். கௌதமன் தன் திட்டத்தை அரசன் காதில் கிசுகிசுக்கிறான், நமக்குச் சொல்வதில்லை. பிறகு, அரசிக்குப் பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது என்று விரலைக் கட்டிக்கொண்டு அலறி வருகிறான். விஷம் இறங்க நாக உருவம் பொறித்த பொருள் வேண்டும் என்கிறார்கள், பதறிப்போன தாரிணி மோதிரத்தைக் கழற்றித் தருகிறாள். மாளவிகா விடுதலை. அப்புறம் அசந்து தூங்கும் கௌதமன்மேல், இளைய அரசி இராவதியின் தோழி ஒரு கோணல் கழியைப் போடுகிறாள். பாம்பு பாம்பு என்று துள்ளி எழுந்தவன், தாழை முள்ளால் குத்திக்கொண்டு பாம்பின்மேல் பழி போட்டதற்குத் தண்டனை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன் என்று உளறிவிடுகிறான். இராவதி அங்கேயே மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.